தேங்காய்ப்பாலும் பருப்புக் கறியும்: இரத்தக் கொழுப்பை அடுப்படியில் இறக்கும் விதம்



கொலஸ்ரோல் என்பது பங்களாத் துரைமாருக்கும் டவுன் முதலாளிமாருக்கும் வரும் வியாதி. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கும் நமக்கு அது எட்டாது என்ற பேச்சு வெகு காலமாக நம்மிடையே இருந்து வருகிறது. "சம்பளம் போட்டா ஒருக்காத்தான் இறைச்சி வாங்குறோம். எங்க உடம்புல கொழுப்பு எங்கேருந்துங்க வரும்?" என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்தப் பாடத்தில் அந்தக் கேள்விக்கே பதில் தேடுவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உடம்பு மெலிந்திருப்பதும் பாடுபட்டு உழைப்பதும் இருதயத்துக்கு நல்லவை. ஆனால் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ரோலை அவை மட்டும் இறக்கிவிடா. ஒல்லியான மனிதருக்கும் அது கூடியிருக்கலாம். கூடியிருப்பது அவருக்குத் தெரியவும் மாட்டாது. காய்ச்சல் வராது, நோவு எடுக்காது. பத்து இருபது வருஷம் சத்தமில்லாமல் இரத்தக் குழாயின் உட்சுவரில் படிந்துகொண்டே போய், ஒருநாள் மலையில் வேலை செய்யும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கும். அதற்குப் பிறகு ஒரு வாகனத்தைப் பிடித்து, வளைவு வளைவாக இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். டவுனில் இருப்பவனுக்குக் கிடைக்கும் அந்த அரை மணித்தியாலம் நமக்குக் கிடைப்பதில்லை. ஆகவே நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, வராமல் பார்ப்பதுதான் நமக்குக் கட்டும்.

ஒரே வீதி, இரண்டு அடுப்படி

பேராதனையில் தொடங்கும் ஏ 5 வீதி நம்மில் பலருக்குப் பழக்கமானது. கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை என்று தேயிலை மலைகளை ஊடறுத்துப் போகும். பிறகு பிபிலை, மகாஓயா என்று சமநிலத்துக்கு இறங்கி, மட்டக்களப்பு வாவிப் பக்கம் செங்கலடிச் சந்தியில் திருகோணமலை வீதியோடு போய் முட்டும். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வடக்குக் கிழக்குப் பக்கம் போன குடும்பங்களில் சில மட்டக்களப்பு மண்ணிலும் குடியேறின. ஆக இந்த ஒரே வீதியின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள்.

மேலே லயத்தில் காலையில் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். இரவைக்குச் சோறு, பால் விட்ட பருப்பு, ஒரு கருவாட்டுத் துண்டு. கீழே செங்கலடியில் காலையில் தேங்காய்ப்பூ போட்ட பிட்டு, மத்தியானம் வாவி மீன் குழம்பு, சொதி, இடைக்கிடை எருமைத் தயிர். பண்டங்கள் வேறு வேறு. ஆனால் இரண்டு அடுப்படியிலும் திருவலை முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இறைச்சி இல்லாத வீட்டில் கொழுப்பு எங்கேயிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்தத் திருவலையில்தான் முக்கால்வாசிப் பதில் இருக்கிறது.

கொலஸ்ரோல் செய்யும் ஸ்டோர்

நமது தேயிலை ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். கொலஸ்ரோல் என்பது மெழுகு மாதிரியான ஒரு பொருள். அதைப் பெரும்பாலும் செய்வது நமது ஈரல்தான். உடம்புக்கு அது தேவை. உயிரணுக்களின் சுவர் கட்டவும், சில சுரப்புகள் செய்யவும், சாப்பாட்டுக் கொழுப்பைக் கரைக்கும் பித்த நீர் செய்யவும் ஈரல் அதைப் பயன்படுத்துகிறது. ஸ்டோரிலிருந்து சரக்கு லொறியில் போவதுபோல, ஈரலிலிருந்து கொலஸ்ரோல் எல்.டி.எல். என்ற லொறிகளில் ஏறி இரத்தத்தில் ஓடுகிறது. இதைத்தான் 'கெட்ட கொலஸ்ரோல்' என்கிறார்கள். மிஞ்சியதைத் திரும்ப ஈரலுக்கு எடுத்து வரும் லொறி எச்.டி.எல். அது 'நல்ல கொலஸ்ரோல்'.

எல்.டி.எல். லொறிகள் தெருவிலேயே நின்றால் குழாய்ச் சுவரில் சரக்கைக் கொட்டிவிடும். அப்படி நிற்காமல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ள ஈரலில் கதவுகள் மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த அமெரிக்க வைத்தியர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கதவுகள் கூட இருந்தால் இரத்தத்தில் கொலஸ்ரோல் இறங்கும். கதவுகள் குறைந்தால் ஏறும்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். கதவுகளைக் குறைப்பதில் பெரிய பங்கு நாம் சாப்பிடும் கொலஸ்ரோலுக்கு அல்ல, நிறைவுற்ற கொழுப்புக்குத்தான். குளிரில் கட்டியாகும் கொழுப்பு பெரும்பாலும் இந்த வகை. நெய், பட்டர், மாட்டுக் கொழுப்பு ஆகியவற்றில் அது இருக்கிறது. நுவரெலியாவில் மார்கழி மாதம் போத்தலுக்குள் உறைந்துபோய் நிற்கும் தேங்காயெண்ணெயிலும் அதுதான் இருக்கிறது. அதை வெயிலில் வைத்து இளக்கி எடுக்காத வீடு நம்மிடம் உண்டா?

மரத்தில் காய்ப்பதெல்லாம் ஒன்றல்ல

மரக்கறி சாப்பிட்டால் கொலஸ்ரோல் இறங்கும் என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். அது சரி, ஆனால் அரைகுறையாகச் சரி. தேங்காயும் மரத்திலிருந்துதானே வருகிறது?

தாவரம் எதிலும் கொலஸ்ரோல் கிடையாது என்றே சொல்லலாம். அதனால் எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ரோல் இல்லை' என்று எழுதியிருந்தால் அது பொய்யல்ல. ஆனால் அதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. தேங்காயெண்ணெயில் 80 முதல் 90 வீதம் வரை நிறைவுற்ற கொழுப்பு. பாம் எண்ணெயில் ஏறத்தாழ பாதி. நல்லெண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் 15 வீதமளவு. சூரியகாந்தி எண்ணெயில் அதைவிடவும் குறைவு. போத்தலில் பார்க்க வேண்டியது இந்த இலக்கத்தைத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 33 கிராம் கொழுப்பு. அதில் 30 கிராமளவு நிறைவுற்றது. ஒரு காயைத் திருவினால் 250 கிராம் பூ வருகிறது என்று வையுங்கள். நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 75 கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 15 கிராம். பிழிந்தால் எல்லாம் பாலில் இறங்கிவிடாது, சக்கையில் கொஞ்சம் நிற்கும், அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் பாருங்கள்: கொலஸ்ரோல் கூடிய ஒருவர் ஒரு நாள் முழுவதும் சாப்பிடும் எல்லாப் பண்டத்திலும் சேர்த்து நிறைவுற்ற கொழுப்பு 15, 16 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதே வைத்தியர்களின் கணக்கு. அந்தப் பங்கை ஒரு தேங்காயே முடித்துவிடுகிறது. பால்மா, வடை, றோல்ஸ், மாஜரின் எதையும் நாம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

இது வெளிநாட்டுக்காரன் சொன்ன கதையல்ல. அதே ஏ 5 வீதியின் மேல் முனையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில், டொக்டர் சாந்தி மென்டிசும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைப் பல வருஷம் ஆராய்ந்தார்கள். 2001இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், நம்மைப்போல் சோறும் கறியும் சாப்பிடும் ஆட்களுக்குத் தேங்காய்க் கொழுப்பைக் குறைத்துக் கொடுத்தார்கள். எட்டே வாரத்தில் கெட்ட கொலஸ்ரோல் ஏறத்தாழ பத்து வீதம் இறங்கிற்று. தேங்காயை அடியோடு நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். குறைத்தார்கள், அவ்வளவுதான். பிறகு அதை ஒரு வருஷம்வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சோயா எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து கொடுத்தார்கள்.

"எங்க தாத்தா தேங்கா தின்னே எம்பது வயசு இருந்தாரே" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். பசிபிக் சமுத்திரத்தில் டொக்கெலாவ் என்ற தீவுகள் உண்டு. அங்குள்ள மக்களின் சாப்பாட்டுச் சக்தியில் 63 வீதம் தேங்காயிலிருந்து வந்தது. பக்கத்துப் புக்காபுக்கா தீவில் அது 34 வீதம். 1981இல் வெளிவந்த ஆய்வின்படி, தேங்காய் கூடச் சாப்பிட்ட டொக்கெலாவ் மக்களுக்குக் கொலஸ்ரோலும் கூடத்தான் இருந்தது. ஆனால் இரண்டு தீவிலும் இருதய வியாதி அரிது. காரணம் தேடிப்போனால், அவர்கள் தேங்காயோடு சாப்பிட்டது மீனும் கிழங்கும். சீனியும் உப்பும் மிகக் குறைவு. நம்ம தாத்தாவும் வெள்ளை மா ரொட்டியோடு, நாளைக்கு ஐந்து தடவை சீனித் தேத்தண்ணி குடித்து, கடைப் பற்றிஸ் தின்று தேங்காய் சாப்பிடவில்லை. தேங்காய் அதே தேங்காய். பக்கத்தில் இருக்கும் பண்டங்கள் மாறிவிட்டன.

கரும்புத் தோட்டத்து மக்களின் கதை

எண்ணெயை மாற்றினால் ஒரு நாடே மாறுமா என்று சந்தேகப்படுவோருக்கு மொரிசியஸ் தீவைச் சொல்லலாம். அங்கும் நம்மவர்களைப்போலவே இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவர்கள், 1834 முதல் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். அவர்களில் தமிழர்களும் நிறைய. அந்த மக்களிடையே சீனி வியாதியும் இருதய வியாதியும் பெருகி வருவதைக் கண்ட அரசாங்கம், 1987இல் ஒரு காரியம் செய்தது. ஏழை மக்கள் வாங்கும் மலிவு எண்ணெய் அதுவரை பெரும்பாலும் பாம் எண்ணெய். அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. கடையில் விற்பது மாறிவிட்டது. சமையல் பழக்கத்தைப் பெரிதாக யாரும் மாற்றவில்லை. 1992இல் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மக்களின் சராசரிக் கொலஸ்ரோல் டெசிலீற்றருக்கு 30 மில்லிகிராமளவில் இறங்கியிருந்தது. அதன் பெரும்பங்கு எண்ணெய் மாற்றத்தினால் என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். நமக்கு அப்படி அரசாங்கம் மாற்றித் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சங்கக் கடையில் எந்தப் போத்தலை எடுக்கிறோம் என்பது நம்ம கையில்.

நார் செய்யும் வேலை

கொழுப்பைக் குறைப்பது பாதி வேலை. மற்றப் பாதியைப் பருப்பும் பயறும் கீரையும் செய்கின்றன. எப்படி என்று தெரிந்தால் அவற்றின் மீது ஒரு மரியாதை வரும்.

ஈரல் கொலஸ்ரோலைக் கொண்டு பித்த நீர் செய்கிறது என்று சொன்னோம். பித்தம் குடலுக்குப் போய் வேலையை முடித்ததும், அதை எறியாமல் உடம்பு திரும்ப உறிஞ்சி எடுத்து ஈரலுக்கு அனுப்பும். நல்ல சிக்கனக்காரி! நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு இப்படித் திரும்பி வந்துவிடும். பருப்பு, கௌபி, கடலை, வெண்டிக்காய், கத்தரிக்காய், வெந்தயம், கொய்யாப்பழம் ஆகியவற்றில் ஒருவகை வழுவழுப்பான நார் இருக்கிறது. வெண்டிக்காயை வெட்டும்போது கையில் ஒட்டுமே, அந்த மாதிரி. அந்த நார் பித்தத்தைப் பிடித்து வைத்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். குறைந்த பித்தத்தை ஈரல் மறுபடி செய்ய வேண்டும். அதற்குச் சரக்கு? கதவுகளைத் திறந்து இரத்தத்தில் நிற்கும் எல்.டி.எல். லொறிகளை உள்ளே இழுக்கும். இரத்தத்தில் கொலஸ்ரோல் இறங்கும்.

எவ்வளவு இறங்கும் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். தினமும் ஒரு சிறு கிண்ணம் வேகவைத்த பருப்போ கௌபியோ சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ரோல் 5 வீதமளவில் இறங்கும். சின்னத் தொகைதான். ஆனால் இப்படிப்பட்ட சின்னத் தொகைகளைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று கனடா, ரொறன்ரோவில் டொக்டர் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் செய்து காட்டினார். கொலஸ்ரோல் கூடிய 46 பேர். ஒரு பகுதியினருக்குச் சோயா, பருப்பு வகை, வெண்டிக்காய், கத்தரிக்காய், ஓட்ஸ், பாதாம் பருப்பு, தாவர ஸ்டெரோல் சேர்த்த மாஜரின் எல்லாம் ஒன்றாகச் சேர்த்த சாப்பாடு. இன்னொரு பகுதியினருக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாட்டோடு கொலஸ்ரோல் மாத்திரை. நாலு வாரத்தில் சாப்பாட்டுக்காரருக்கு 28 வீதமும் மாத்திரைக்காரருக்கு 30 வீதமும் இறங்கிற்று. வெண்டிக்காயும் கத்தரிக்காயும் செங்கலடிப் பக்கத்துத் தோட்டத்தில் சும்மா காய்க்கும் சாமான். அவை ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் மருந்தாக நின்றன!

அந்த 28 வீதம் எல்லாச் சாப்பாட்டையும் அளந்து கொடுத்ததால் வந்தது. வீட்டில் அவரவரே சமைத்துச் சாப்பிட்ட ஆட்களிடம், 2011இல் வெளிவந்த ஆய்வின்படி, ஆறு மாதத்தில் 13 வீதமளவே இறங்கிற்று. நாமும் அந்த அளவையே எதிர்பார்ப்பது நல்லது. அதுவும் லேசான காரியமில்லை.

மருந்தும் நோயும் ஒரே சட்டியில்

இப்போது நம்ம பருப்புக் கறிக்கு வருவோம். பருப்பு கொலஸ்ரோலை இறக்கும். அந்தப் பருப்பை வேகவைத்து, இறக்கும் நேரத்தில் கெட்டி முதல் பாலை ஒரு கோப்பை விடுகிறோம். பிறகு தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டுகிறோம். இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே சட்டியில்! எங்கள் அபிப்பிராயத்தில், ஒரு வீட்டில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால், மாற்ற வேண்டியது இதைத்தான். ஏனென்றால் இது நாள் தவறாமல் நடக்கிறது. மாதத்தில் ஒரு நாள் வரும் ஆட்டிறைச்சியைவிட முப்பது நாளும் வரும் பருப்புச் சட்டி பெரிது.

முதல் பால் இல்லாமல் பருப்பு ருசிக்காது என்பார்கள். செய்து பாருங்கள்: பருப்பைக் கொஞ்சம் கூடுதலாக வேகவிட்டு அகப்பையால் நன்றாக மசியுங்கள். பால் கொடுக்கும் தடிப்பை அந்த மசியலே கொடுக்கும். பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள், தக்காளி தாராளமாகப் போடுங்கள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பால் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டாம் பாலில் அரைக் கோப்பை போதும். ஆரம்பத்தில் வீட்டு ஆம்பிளைகள் முகம் சுளிப்பார்கள். ஒரேயடியாக நிறுத்தாமல் கிழமைக்குக் கிழமை பாலைக் குறைத்து வந்தால் நாக்குத் தானாகப் பழகும்.

செங்கலடிச் சொதியையும் இப்படித்தான் செய்யலாம். பருப்பு வேகவைத்த தண்ணியைச் சேர்த்தால் இரண்டாம் பாலே போதும். பிட்டுக்குப் போடும் தேங்காய்ப்பூவைப் பாதியாக்கி, அவித்த பயறு ஒரு கை சேர்த்தால் பிட்டு உதிரியாகவும் இருக்கும், வயிற்றுக்கும் நிற்கும். தேங்காய்ப்பூவை அப்படியே சாப்பிடும்போது அதிலுள்ள நாரும் சேர்ந்து உள்ளே போகிறது, பாலாகப் பிழிந்தால் கொழுப்பு மட்டுமே வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் கீரை வறைக்கு ஒரு கைப்பிடி பூ தூவுவதில் நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

மேலே லயத்தில், தேங்காய்ச் சம்பலில் பாதியை வல்லாரையாகவோ துருவிய கரட்டாகவோ மாற்றலாம். ரொட்டிக்குக் கோதுமை மாவோடு பாதி குரக்கன் மா. நூறு கிராம் குரக்கனில் 11 கிராமளவு நார், வெள்ளைக் கோதுமை மாவில் 3 கிராம்கூட இல்லை. மலைக்குக் கட்டிக்கொண்டு போக அவித்த கடலை அல்லது கௌபி. கச்சானும் நல்லதுதான், ஒரு சிறங்கை. எண்ணெயில் பொரித்து உப்புப் போட்டது வேண்டாம். மட்டக்களப்புக் கஜுவும் அப்படியே, விலை கட்டுமானால். சோயா மீட் மலிவானது, இருதயத்துக்கும் உகந்தது. ஆனால் அதையும் பொரித்தெடுத்துக் கெட்டிப் பாலில் போட்டால் பழைய கதைதான்.

2024 கடைசியில் தேங்காய் விலை ஏறி, பல இடங்களில் ஒரு காய் 200 ரூபாவைத் தாண்டியபோது நாமெல்லாம் திட்டித் தீர்த்தோம். அந்த நாட்களில் அரைக் காயோடு சமாளித்த வீடுகள், காய் மலிந்த பிறகும் அரைக் காயோடேயே நின்றால் நல்லது. டொக்டர்மார் சொல்லி நடக்காதது விலையால் நடந்தது.

ஒரு எச்சரிக்கை. தேங்காயைக் குறைத்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பது முக்கியம். பருப்பும் கீரையும் வைத்தால் கொலஸ்ரோல் இறங்கும். இன்னும் இரண்டு வெள்ளை ரொட்டியும் இன்னும் இரண்டு கரண்டி சீனியும் வைத்தால், ட்ரைகிளிசரைட் என்ற வேறொரு கொழுப்பு ஏறும், நல்ல கொலஸ்ரோல் இறங்கும். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் விழுந்த கதையாகும்.

இறால், முட்டை, தயிர், தேத்தண்ணி

வாவிப் பக்கம் இருப்பவர்களுக்கு "இறாலைத் தொடாதீங்க" என்று முதல் புத்தி சொல்லப்படும். இறாலில் கொலஸ்ரோல் உண்டு, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகச் சொற்பம். கிழமையில் ஒருநாள் சாப்பிடும் இறாலைவிட, அது மிதக்கும் தேங்காய்ப்பால்தான் கூடக் கெடுதல். மீன் நல்லது. முட்டையும் பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒன்றுக்கு மேல் போகாவிட்டால் பயமில்லை. கொலஸ்ரோலோ சீனியோ கூடியவர்கள் கிழமைக்கு மூன்று நாலோடு நிறுத்துவது நல்லது. எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதமளவு, பசுப்பாலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே சட்டித் தயிரில் ஒரு சிறு கோப்பை போதும், பாணியைக் குறைத்து. பிளேன்டீயில் கொழுப்பில்லை. பால்மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. நாளைக்கு நாலு பால் தேத்தண்ணியை ஒன்றாக்குங்கள்.

யாருக்கு இந்தப் பாடம் இல்லை

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மேலே சொன்னதெல்லாம் வளர்ந்தவர்களுக்கு. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொழுப்பு வேண்டும். அதன் மூளை வளரும் காலம் அது. நெத்தலிக் கருவாட்டையும் முட்டையையும் "கொலஸ்ரோல்" என்று சொல்லி, பிள்ளைத்தாய்ச்சியின் தட்டிலிருந்தும் பள்ளிப் பிள்ளையின் தட்டிலிருந்தும் யாரும் எடுத்துவிடாதீர்கள். நம்ம தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச் சோகை பெரிய குறை. இருக்கிற இரண்டு முட்டையை அப்பாவுக்கு வேண்டாம் என்று வைத்தியர் சொன்னால், அது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் போகட்டும். திரிபோஷவை நிறுத்த வேண்டாம்.

பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து இலகுவில் உடம்பில் சேராது. தேசிக்காய்ப் புளி விட்டால் சேரும். சாப்பிட்ட கையோடு சாயம் குடித்தால் சேராது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். நேர்த்தியாகவோ வேறு காரணமாகவோ மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் முழுதாக விட்டவர்களுக்கு பி 12 உயிர்ச்சத்துக் குறையும். அது தாவரத்தில் கிடைக்காது. கிளினிக்கில் சொல்லி மாத்திரை வாங்க வேண்டும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஈரல் கதவுகளில் பழுது இருக்கும். அவர்கள் என்னதான் பருப்பும் கீரையும் சாப்பிட்டாலும் கொலஸ்ரோல் போதிய அளவு இறங்காது. அது அவர்கள் குற்றமல்ல. அப்பா, அண்ணன் தம்பிமாரில் யாருக்காவது 55 வயதுக்கு முன், அல்லது அம்மா, அக்கா தங்கைமாரில் யாருக்காவது 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் இளவயதிலேயே இரத்தம் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே கொலஸ்ரோல் மாத்திரை குடிப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரை 30 முதல் 50 வீதம் இறக்கும், சாப்பாடு அதற்குத் துணை. குறைப்பதா நிறுத்துவதா என்பதை வைத்தியர் சொல்லட்டும். பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, வெந்தயத் தண்ணி என்று போத்தலில் விற்கிறவர்களிடம் காசைக் கொடுப்பதைவிட, அதே காசுக்கு ஒரு கிலோ கௌபி வாங்கலாம்.

இரத்தம் பார்ப்பது

அரசாங்க வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களிலும் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயது கடந்தவர்களை இலவசமாகப் பார்க்கிறார்கள். பிரஷர், சீனி, நிறை எல்லாம் பார்த்து, தேவையானால் கொலஸ்ரோலும் பார்க்கச் சொல்வார்கள். அரை நாள் பேர் போய்விடுமே என்று பின்னடிக்காமல், கணவனும் மனைவியும் ஒரே நாளில் போய் வாருங்கள். முழுக் கொழுப்புப் பரிசோதனை என்றால், முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 12 மணித்தியாலம் பச்சைத் தண்ணி தவிர வேறொன்றும் குடிக்காமல் போக வேண்டும். காலைத் தேத்தண்ணியும் கூடாது.

துண்டில் மொத்தக் கொலஸ்ரோல் 200க்குக் கீழே இருந்தால் நல்லது. எல்.டி.எல். 130க்குக் கீழே, கூடுமானால் 100க்குக் கீழே. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 70க்கும் கீழே வேண்டும். கூடியிருந்தால், வைத்தியர் உடனே மாத்திரை தொடங்கச் சொல்லாதவர்கள், இன்று சொன்னபடி பருப்புச் சட்டியிலிருந்து ஆரம்பித்து மூன்று மாதம் செய்துவிட்டு, முடியுமானால் அதே இடத்திலேயே மறுபடி இரத்தம் கொடுங்கள். இரண்டு துண்டையும் கிளினிக் கொப்பிக்குள் ஒன்றாக ஒட்டி வைத்து, அடுத்த தடவை போகும்போது வைத்தியரிடம் காட்டுங்கள்.